துப்பாக்கி இல்லாத பரண்

கோடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டதைச் சொல்வார்கள். கோக்கர்ஸ் வாக்கில் நின்றபோது மேகம் வந்து கண்ணை மறைத்ததைச் சொல்வார்கள். சாக்லேட் என்ன விலை விற்றது என்பதையும் மறக்காமல் சொல்வார்கள். "அடுக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே போனீர்களா?" என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கக்கூடிய வஸ்து எதுவும் அடுக்கத்தில் கிடையாது.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிப் பக்கம் புறப்பட்டு, மலை ஏறி, பெருமாள்மலையில் கோடைக்கானல் ரோட்டைப் பிடிக்கிற பாதை ஒன்று உண்டு. குறுகலான பாதை, பெரிய வண்டிகளுக்கு ஏற்றதல்ல. மழைக் காலத்தில் மண் சரிந்து அடைபடுவதும் சகஜம். அந்தப் பாதையில் இருக்கிறது அடுக்கம். வீடுகள் அடுக்கடுக்காக இருப்பதால் வந்த பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். பழந்தமிழில் 'அடுக்கம்' என்றால் மலைச்சரிவு. குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்கு மிகவும் பழக்கமான சொல். இரண்டாயிரம் வருஷத்துச் சொல் இங்கே ஒரு பஞ்சாயத்தின் பெயராக, ரேஷன் கார்டில் அச்சாகிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது!

ஊரைச் சுற்றிலும் தோட்டங்கள். உயர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அதன் நிழலில் காப்பிச் செடிகள். நடுநடுவே மலைவாழை, எலுமிச்சை, பலா, நம்மூர்க் கடைகளில் 'பட்டர் புரூட்' என்று விற்கிற வெண்ணெய்ப் பழம். தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பது வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. காட்டுமாடுகளிடம் வரைபடம் இல்லை என்பதுதான் சங்கடம்.

ஐந்து நாள் அழைப்பு

என் மனைவியின் சித்தப்பாவுக்கு அங்கே நாலு ஏக்கர் தோட்டம். ஏப்ரல் மாதக் கடைசியில் அவரிடமிருந்து போன் வந்தது. எனக்கு மட்டுமல்ல, திருப்பூரில் இருக்கும் மூத்த மகனுக்கு, பெங்களூரில் இருக்கும் இளையவனுக்கு, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்கு, எல்லாருக்கும் ஒரே செய்தி.

"மாப்பிள்ளை, பழைய பரண் போன மழையில விழுந்து போச்சு. பலா பழுக்கிறதுக்குள்ள புதுசு கட்டியாகணும். பிள்ளைகளுக்கு லீவுதானே, எல்லாரும் வாங்க. வந்தா கட்டுவோம். வரலேன்னா, கேட்கிறவருக்கே தோட்டத்தைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

கேட்கிறவர் யாரோ வெளியூர்க்காரர். டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட அங்கே நாலைந்து காட்டேஜ் கட்ட உத்தேசமாம். சித்தப்பா மிரட்டவில்லை. கணக்குத்தான் சொன்னார். பரண் இல்லாவிட்டால் காவல் இல்லை. காவல் இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாத நிலத்தை எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பது?

ஆக, மே மாதத்தில் ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு நாங்கள் போனது காற்று வாங்குவதற்கு அல்ல, கூலியில்லா வேலைக்கு. இப்படி லீவைக் கழிப்பது நம் தேசத்தில் மட்டும் நடக்கிற அதிசயம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் வருகிறது. அதற்கு முன், கோடை விடுமுறையிலேயே அப்பாவும் பிள்ளைகளுமாகக் காட்டுக்குப் போய், மரத்தின்மேல் பரண் கட்டி வைப்பார்கள். பகலில் ஆணி அடிக்கிற வேலை. மாலையில் ஏரிக்கரையில் தூண்டில். ஜெர்மனியிலோ வயலோரங்களில் கால் நாட்டி உயரமான பரண்கள் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் ஐந்து நாளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் கழிந்தது. பகலில் பரண், மாலையில் மீன். துப்பாக்கி ஒன்றுதான் இல்லை.

வள்ளியும் வேட்டைக்காரர்களும்

பரண் நமக்குப் புதிதா என்ன? சங்க நூல்களில் அதற்கு 'இதணம்' என்று பெயர். தினைப்புனத்தின் நடுவே இதணம் கட்டி, அதில் உட்கார்ந்து கிளி ஓட்டியவர்கள் குறிஞ்சி நிலத்துப் பெண்கள். கையிலே கவண், ஓசை எழுப்பத் தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள். நம் வள்ளியம்மையே பரணில் இருந்து தினை காத்தவள்தானே! முருகன் வேடன் வேஷத்தில் வந்து வழி கேட்டதும் அந்தப் பரணின் அடியில்தான். பழனியாண்டவரின் பெயரைத் தாங்கிய இந்த மலையில் அந்தக் கதையை யாரும் புராணமாகச் சொல்வதில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சமாசாரம் மாதிரி சொல்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு இந்த மலை வேட்டைக்காரர்களின் மலையாயிற்று. 1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கோடைக்கானல் ஏரியை உண்டாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் இந்த மலைகளை அளந்து குறிப்பெழுதியவர் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி. அவர் பெரிய வேட்டைக்காரர். தென்னிந்தியாவில் அவர் ஆடிய வேட்டைகளைப் பற்றிய புத்தகம் 1892-ல் வெளிவந்தது. பேரிஜம் ஏரிப் பக்கத்தில் இன்றும் 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரில் இருக்கிற கோட்டை தரையில் இல்லை.

வடக்கே வேட்டைப் பரணுக்கு 'மச்சான்' என்று பெயர். ஜிம் கார்பெட் 1944-ல் வெளியிட்ட குமாயூன் புலிக் கதைகளில் அவர் ராத்திரி பூராவும் மச்சான் மேல் உட்கார்ந்திருப்பார். எங்கள் அடுக்கத்துப் பரணைத் தூக்கி நிறுத்தியவர்களும் என் மச்சான்மார்கள்தான் என்பதால், அந்தப் பெயர் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

கட்டின விதம்

வேலையை நடத்தியவர் பளியர் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். மலைத்தேன் எடுப்பதிலும், கிழங்கு தோண்டுவதிலும், மரம் ஏறுவதிலும் பளியர்களுக்கு இணை அவர்களேதான். பெரியவர் முதல் நாள் காலை ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. தோட்டத்தின் மேல் வரப்பில் நின்று, ஒரு பிடி சாம்பலை எடுத்துக் காற்றில் தூவினார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். மத்தியானம் ஒரு தரம், இருட்டின பிறகு ஒரு தரம், மறுபடி தூவினார்.

"எதுக்குங்க ஐயா இது?" என்று என் பையன் கேட்டான்.

"சுடுறவன் பரணு கட்டினா காத்துக்கு மறைஞ்சு கட்டுவான் தம்பி. மனுஷ வாசம் மாட்டுக்குப் போயிடக் கூடாதுல்ல? நாம காக்கிறவங்க. நம்ம வாசம் மொதல்ல போய்ச் சேரணும். 'ஆள் இருக்கு, வராதே'ன்னு காத்தே சொல்லிடணும்."

வேட்டைப் பரணுக்கும் காவல் பரணுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. வேட்டைக்காரன் பரணில் இருமக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, விளக்குக் கூடாது. காவல்காரனோ இரும வேண்டும், பேச வேண்டும், பாட வேண்டும், தகர டின்னைத் தட்ட வேண்டும். ஆகவே காவல் பரணுக்கு மிகவும் தோதான ஆயுதம் எது தெரியுமோ? நாலு குழந்தைகள் உள்ள குடும்பம்!

இரண்டாம் நாள் இடம் முடிவாயிற்று. பருத்த பலாமரம் ஒன்றையும் அதை அடுத்த இன்னொரு மரத்தையும் இரண்டு காலாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு மூலைக்குக் கம்பம் நட்டோம். உயரம் இருபது அடிக்குக் குறையக் கூடாது என்றார் பெரியவர். பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் எட்டடி போதும். யானைக்குத் தும்பிக்கை இருக்கிறதே! மரத்தில் ஆணி அடிக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. காற்றில் மரம் ஆடும்போது ஆணி நெகிழ்ந்துவிடும். தேங்காய் நார்க் கயிறு ஆட்டத்துக்கு விட்டுக் கொடுக்கும், நனைந்தால் இன்னும் இறுகும் என்பது அவர் கட்சி. தரைக்குப் பிளந்த மூங்கில். மேலே புல் வேய்ந்த கூரை. பெங்களூர் மைத்துனன் தகரம் போடலாமே என்றான். "மழை பெஞ்சா அந்தச் சத்தத்துல மாடு வர்றது காதுல விழாதே!" என்றாள் சித்தி. முப்பது வருஷம் பரணில் உட்கார்ந்தவள் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

ஆண்கள் கம்பம் தூக்கினோம். பெண்கள் கயிறு முறுக்கினார்கள். குழந்தைகள் மூங்கில் தப்பைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை ஒரு தரமும் சரியாக வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் பரண் நின்றது.

ஏன் இறங்கி வருகின்றன?

காட்டுமாடு என்றால் ஏதோ எருமை மாதிரி என்று நினைக்கக் கூடாது. நன்றாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோவரை எடை இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். மேலே கோடைக்கானல் பஜார் ரோட்டிலேயே அது நடந்து போகிறது. மலையில் புல் இல்லாமலா அது ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் வருகிறது?

நிஜமாகவே புல்தான் இல்லை. பழனி மலையின் உச்சியில் ஒரு காலத்தில் புல்வெளியும், இடையிடையே சோலைக்காடுமாக இருந்தது. போன நூற்றாண்டில் அந்தப் புல்வெளியைத் தரிசு நிலம் என்று கருதி, வாட்டில், பைன், தைல மரங்களை நட்டார்கள். வாட்டில் மரத்தின் பட்டை தோல் பதனிட உதவும். நம் வீட்டுச் செருப்புக்கும் கைப்பைக்கும் அந்தப் பட்டை உழைத்திருக்கிறது. நட்ட மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானே பரவிற்று. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டிருக்கிறார்கள். மேலே இலை போடுவார் இல்லையென்றால் பந்தி கீழே நகரத்தானே செய்யும்?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைப் பரண்களுக்கு அதோடு வேலை போயிற்று. 2013-ல், சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக 2025-ல் தமிழக அரசு ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். சித்தப்பாவின் தோட்டத்தில் நின்று கல்லெறிந்தால் அது காட்டில்தான் விழும். ஆகவே அவருக்குப் பழையபடி பரண்தான் கதி.

"மின்சார வேலி போடுறாங்களே சிலர்?" என்று கேட்டேன்.

"திருட்டுத்தனமா லயன்லருந்து கரண்டு இழுத்துப் போடுறது. யானையும் சாகுது, மனுஷனும் சாகுறான். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் மாப்பிள்ளை. அதுவும் வயித்துக்குத்தான் வருது. விரட்டினாப் போதும்."

இந்த மலைக்கு அடி மேல் அடி. மிகவும் மணமான விருப்பாட்சி மலைவாழை இங்கேதான் கொழித்தது. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அதை அழித்தது. 2008-ல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நோயில் தப்பிப் பிழைத்துத் திரும்ப நட்ட வாழையைத்தான் இப்போது பன்றி தோண்டுகிறது.

தூண்டில் நேரம்

வேலை முடிந்ததும் மூன்று மணிக்குக் குட்டைக்குப் போவோம். ஊற்றுத் தண்ணீரை மறித்துச் சித்தப்பா வெட்டிய குட்டை அது. காட்டு ஓடையில் மீன் பிடிக்க அனுமதி கிடையாது. சொந்தக் குட்டையில் யார் கேட்பது? வைகை அணைப் பக்கத்திலிருந்து குஞ்சு வாங்கி வந்து கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார். அவர் விடாத ஜிலேபிக் கெண்டையும் எப்படியோ வந்து சேர்ந்து, பெருகிக் கிடந்தது. 1952-ல்தான் அது வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குளம் அபூர்வம். அழைக்காமலே வந்து பந்தியில் முதலில் உட்காரும் விருந்தாளி!

மூங்கில் கழி, நரம்பு, முள், தக்கை, மண்புழு. அவ்வளவுதான் சாமான். மைத்துனர்கள் இருவரும் மீன் எங்கே மேயும் என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். என் மனைவி பேசாமல் ஒரு கல்லில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் ஐந்து மீன் எடுத்துவிட்டாள். "எப்படி?" என்று கேட்டதற்கு, "தக்கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கலையை யாரும் விளக்க முடியாது.

ராத்திரி சித்தி மண்சட்டியில் குழம்பு வைத்தாள். புளியைக் குறைத்து மாங்காயைப் போட்டு, இறக்கும்போது தோட்டத்து மிளகைத் தட்டிப் போட்டாள். அடுப்பை அணைத்து, சட்டியைச் சாம்பல் சூட்டிலேயே அரை மணி விட்டாள். செய்து பாருங்கள்.

ராத்திரி

ஐந்தாம் நாள் இரவு புதுப் பரணில் குடும்பம் பூராவும் ஏறினோம். கீழே பெரியகுளத்து விளக்குகள் நட்சத்திரத்தைக் கொட்டின மாதிரி கிடந்தன. பதினொரு மணிக்குக் குழந்தைகள் தூங்கிப் போனார்கள். இரண்டு மணி சுமாருக்குக் காப்பிச் செடிக்கு அப்பால் கிளை முறியும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு, கனத்த பெருமூச்சு. மைத்துனன் டார்ச்சை அடித்தான். பச்சையாக நாலைந்து ஜோடிக் கண்கள்.

சித்தி டின்னைத் தட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசலில் வந்த பிச்சைக்காரருக்குச் சொல்வது மாதிரி, "போ சாமி, போ. அந்தப் பக்கம் போ. இங்கே பிள்ளைங்க தூங்குது" என்றாள். காற்றும் எங்கள் பக்கமிருந்துதான் வீசிற்று. கண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு கல்லோ வெடியோ இல்லாமல் ஐந்து மிருகங்கள் திரும்பிப் போயின.

"உங்களுக்குப் பயமே கிடையாதா சித்தி?" என்று என் மனைவி கேட்டாள்.

"பயம் மொத வருஷத்தோட போயிடுச்சும்மா. தூக்கம்தான் போகமாட்டேங்குது. ஆடி மாசம் வந்தா ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, கூரைக்குக் கீழ படுத்துத் தூங்கணும்போல இருக்கும். இவருக்கு முட்டி வலி, ஏற முடியாது. நாந்தானே ஏறணும்?"

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாலு நாளாக நாங்கள் கட்டினது அந்த அம்மாளுக்கு ஓர் உத்தியோகம்! பரண் நின்றுவிட்டால் தோட்டம் நிலைத்துவிடும் என்று சந்தோஷப்பட்டோமே, அதில் ஏறி உட்காருகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, புறப்படுவதற்கு முன், திருப்பூர் மைத்துனன் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் போட்டான். பென்சிலால் மாதங்களை எழுதினான். ஜூன் முதல் பாதி தனக்கு என்றான். பெங்களூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே பார்க்கலாம், சிக்னல் கிடைக்கிற இடம் பரண் ஒன்றுதான் என்று சொல்லி, ஜூன் பிற்பாதியையும் ஆகஸ்டையும் எடுத்துக்கொண்டான். திண்டுக்கல் மகள் சனி ஞாயிறுகளில் வருவதாகச் சொன்னாள். கூலிக்கு ஒருவர் துணைக்கு வைப்பதற்கு எல்லாரும் பணம் போடுவதென்று ஆயிற்று. வெளியூர்க்காரருக்குப் பதில் சொல்லி அனுப்பியாயிற்று: பரணுக்கு ஆயுசு மூன்று மழை, அதுவரை நிலம் விலைக்கு இல்லை.

ஜூலை மாதத்துக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதாமல் இருந்தது.

"அதை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் சித்தி, எப்போதும் போல.

என் மனைவி பென்சிலை வாங்கினாள். ஜூலைக்கு நேரே என் பெயரையும் தன் பெயரையும் எழுதினாள். எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீசில் எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருப்பது அவளுக்குத் தெரியும்.